கத்தரிக்கு ஜோடி சேர்ப்பவள்

சர்ர்ரக்... சர்ர்ரக்...

டெய்லர் கடைப் படியில் குடையை மடக்கிக்கொண்டிருந்தவளின் காதில் அந்தச் சத்தம் விழுந்ததும் அவளுக்கு உச்சந்தலை சுர்ரென்றது. துணி வெட்டும் சத்தம் அவளுக்குத் தெரியும். பருத்திக்கு ஒரு சத்தம், கம்பளிக்கு ஒரு சத்தம், பட்டுக்குச் சத்தமே இல்லாத ஒரு சத்தம். இது எதுவுமில்லை. இது காகிதம்.

துணிக் கத்தரியில் யாரோ காகிதம் வெட்டுகிறார்கள்.

குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு ஈரச் செருப்போடு உள்ளே போனாள். தோள் பையில் புதுக் கத்தரிகள் ஆறு, ஒன்றையொன்று இடிக்காமல் துணியில் சுற்றியிருந்தன. வெட்டு மேசைக்கு முன்னால் ஒருவன் நின்றிருந்தான். மழையில் தொப்பலாக நனைந்திருந்தான். முடியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மேசையில் விழக்கூடாதென்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, நாக்கு நுனியை லேசாகக் கடித்தபடி, ஒரு பெரிய தாள்கட்டின் ஓரத்தை மிகுந்த கவனத்தோடு வெட்டிக்கொண்டிருந்தான்.

"கையை எடுங்க," என்றாள்.

அவன் நிமிர்ந்தான். "எதுலேருந்து?"

"கத்திரியிலேருந்து."

"ஒரு நிமிஷம்ங்க. நனைஞ்ச ஓரத்தை மட்டும் வெட்டிக்கிறேன், இன்னும் ஒரு பக்கம்தான்..."

"அந்தப் பக்கத்தையும் வெட்டினீங்கன்னா, அடுத்ததா வெட்டுப்படறது உங்க விரலா இருக்கும்."

அவன் கத்தரியை மெல்ல மேசையில் வைத்தான். வைத்துவிட்டுக் கேட்டான். "பேப்பர்தானேங்க? துணியை விட மெல்லிசுதானே?"

"மெல்லிசுதான். ஆனா உள்ளே சுண்ணாம்புப் பொடி, களிமண் பொடின்னு என்னென்னவோ கலந்திருப்பாங்க. வழவழன்னு இருக்கிற தாள்னா இன்னும் அதிகம். ஒரு நாள் பூரா துணி வெட்டினாலும் இந்தத் தேய்மானம் வராது."

"களிமண்ணா? இதுலயா?" அவன் தாளைத் தடவிப் பார்த்தான். மாட்டிக்கொண்டவன் முகமாக இல்லை அது. புதையல் அகப்பட்டவன் முகமாக இருந்தது. சட்டைப் பையில் பேனாவைத் தேடினான். "இன்னொரு தடவை சொல்லுங்க. சுண்ணாம்புப் பொடி... அப்புறம்?"

திட்டினால் குறிப்பெடுத்துக்கொள்கிறவனை அவள் அதுவரை பார்த்ததில்லை.

திரைக்குப் பின்னால் யாருக்கோ அளவெடுத்துக்கொண்டிருந்த டெய்லர், வாயில் குண்டூசிகளோடு குரல் கொடுத்தார். "என்னம்மா அங்க சண்டை?"

"கத்திரியை யார் கையிலயும் குடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன், மாமா?"

"நான் எங்கம்மா குடுத்தேன்? மழைக்கு ஒதுங்கினாரு, உக்காருங்கன்னேன். அவ்வளவுதான்."

அவள் கத்தரியை எடுத்துத் துடைத்து, மூடி, சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். நல்ல கத்தரி மூடியிருக்கும்போதும் இரண்டு பாதிக்கும் நடுவில் மெல்லிய கீற்றாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரிந்தது. கூடவே, கீற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கண்ணும் தெரிந்தது. மழைத்துளி இமையில் நிற்க, சிரிப்பும் ஆர்வமுமாக விரிந்த கண்...

"என்ன பாக்கறீங்க?" என்றாள்.

"நீங்க என்ன பாக்கறீங்கன்னு பாக்கறேன்."

அவளுக்குக் காது மடல் சூடானது. கோபத்தினால்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"யாருங்க செஞ்சது இதை?" என்று கேட்டான் அவன்.

எங்கே கிடைக்கும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். யார் செய்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. அவள் ஒரு கணம் தடுமாறினாள். பிறகு ஆறு வருடமாக மனதில் தயாராக வைத்திருந்த பதில் தானாகவே நாக்கில் வந்து நின்றது. "எங்கப்பா."

அவன் அந்தத் தாள்கட்டை அவள் பக்கம் திருப்பினான். வெற்றுத் தாள் இல்லை அது. ஒரு பத்திரிகையின் மாதிரி. சினிமாப் பத்திரிகை அளவுக்குப் பெரிதாக, பளபளப்பாக இருந்தது. ஒரு பக்கம் முழுக்கப் பூட்டின் வயிறு, திறந்து காட்டியபடி. அடுத்த பக்கத்தில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னும் இரண்டு கைகள், நகக்கண் வரை தெரிந்தன. இன்னொன்றில் கண்ணாடி ஊதும் ஒருத்தி, கன்னம் இரண்டும் பந்து மாதிரி உப்பியிருக்க, ஓரக்கண்ணால் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"கையால செய்யறவங்களுக்குன்னு ஒரு பத்திரிகை. நானும் எங்கக்காவும் கொண்டு வர்றோம். இது முதல் இதழ்," என்றான். சொல்லும்போதே குதிகாலைத் தூக்கித் தூக்கி நின்றான், பேச்சு அவனைத் தரையில் நிற்கவிடாததுபோல. "ஒரு நடிகரைப் போட்டா எப்படிப் போடுவாங்க? அந்த மாதிரி இவங்களைப் போடணும். புகழ்ந்து தள்ளறது இல்லைங்க... எப்படி செய்யறாங்க, ஏன் அப்படி செய்யறாங்கன்னு சொல்லணும். படிச்சு முடிச்சதும், 'அடடா, இந்தாளை நான் பாக்கணுமே'ன்னு தோணணும்."

"அட்டையில ஒண்ணுமே இல்லையே?"

"அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன். அச்சுக்குப் போக இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு." அவன் பார்வை மேசையில் நின்றது. "கிடைச்சிருச்சுன்னு நினைக்கிறேன்."

கத்தரியைப் பார்த்துத்தான் சொன்னான். கத்தரியை மட்டும்தான்... என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

*

மறுநாளே வந்து நின்றான், கழுத்தில் கேமராவோடு.

பட்டறை அவர்கள் வீட்டின் பின்பக்கம். ஒரு மூலையில் உலை, நடுவில் இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கல், சுவரோரம் இரண்டு சாணைச் சக்கரங்கள், சன்னலடியில் ஒரு சின்ன மேசை. அப்பா அன்றைக்கு நீலச் சட்டை போட்டிருந்தார். உலைக்கு முன்னால் அவர் சட்டை போட்டு அவள் பார்த்ததே இல்லை.

"தம்பி, முதல்லயே கேட்டுக்கறேன்," என்றார் அப்பா. "அழிஞ்சு வர்ற தொழில், ஐயோ பாவம்னு எழுதறதுக்கா வந்திருக்கீங்க?"

"அந்த ரெண்டு வார்த்தைக்கும் எங்க ஆபீஸ்ல தடைங்க ஐயா. அக்கா எழுதிச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்காங்க."

"அப்ப சரி. நாலு மாசத்துக்கு வேலை கையில இருக்கு. எனக்கு அழியறதுக்கெல்லாம் நேரமில்லை."

அவன் சிரித்த சிரிப்பில் அப்பா அப்போதே சாய்ந்துவிட்டார். இரும்பு எந்தச் சிவப்பில் எடுக்க வேண்டும், எந்தச் சிவப்பில் எடுத்தால் குட்டிச்சுவர் என்று ஒரு மணி நேரம் சொன்னார். அவன் எல்லாவற்றையும் எழுதினான், படம் எடுத்தான், கடைசியில் தானே ஒரு முறை சுத்தியலைப் பிடித்துப் பார்த்தான். மூன்றாவது அடியில் இரும்பு நழுவிக்கொண்டு மூலைக்குப் போனது.

"கத்திரி செய்யச் சொன்னா கரண்டி செய்யறீங்க," என்றாள் அவள் சன்னலோரத்திலிருந்து.

"கரண்டிக்கும் ஒரு இதழ் போடுவோம்ல."

"முதல்ல இந்த இதழ் வரட்டும்."

"வந்தா வாங்குவீங்களா?"

"எங்க வீட்டு ஆளைப் போட்டுட்டு எங்ககிட்டயே விக்கப் பாக்கறீங்களா? ஓசியில குடுங்க."

தொடர்ந்து வந்தான். ஒரு நாள் வெளிச்சம் சரியில்லை என்றான். ஒரு நாள் ஏதோ கேட்க மறந்துவிட்டேன் என்றான். என்ன மறந்தாய் என்று அப்பா கேட்டதற்கு, அதையும் மறந்துவிட்டேன் என்றான். அவன் வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே கைக் கரியைக் கழுவிவிடுகிற புதுப் பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. கழுவிய கையால் திரும்பக் கரியைத் தொட யோசித்துக்கொண்டு நின்றபோதுதான், தன் லட்சணம் தனக்கே புரிந்தது.

கத்தரி வேலையில் கடைசி வேலைதான் உயிர்நாடி. தனித்தனியாக அடித்து, சாணை பிடித்து வைத்த இரண்டு பாதிகளைச் சேர்த்துத் திருகாணி போட்டு, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, ஒன்றோடொன்று இழைய வைக்க வேண்டும். ஜோடி சேர்ப்பது என்பார்கள். அது பிசகினால் எப்பேர்ப்பட்ட இரும்பும் துணியைக் கடிக்கும், வெட்டாது.

"ஜோடி சேர்க்கிறதை ஒரு படம் எடுத்துக்கட்டுமா ஐயா?" என்று கேட்டான்.

"அது மட்டும் முடியாது தம்பி. தொழில் ரகசியம்," என்றார் அப்பா.

அவள் குனிந்துகொண்டாள். அப்போதுதான் அது நடந்தது. அப்பா பேசிக்கொண்டே கையைப் பட்டடைக்கல்லில் ஊன்றப் போனார். சற்று முன் அடித்த துண்டு அங்கே கிடந்தது. சிவப்பு மறைந்திருந்ததே தவிர சூடு போகவில்லை. அவர் வலது கை விரல்கள் இரண்டு அதன் மேல் படிந்தன... எடுக்கவில்லை.

"அப்பா, சூடு." பாய்ந்து வந்து அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"ஆமா, ஆமா," என்று அப்பா சிரித்து மழுப்பி, கையை நீலச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அவள் நிமிர்ந்தபோது, பத்திரிகைக்காரன் கேமராவைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் வியாழக்கிழமை, அவன் சீக்கிரமே வந்துவிட்டான். பட்டறைக் கதவு திறந்திருந்தது. கூப்பிட வாயெடுத்தவன் அப்படியே நின்றான்.

சன்னலடி மேசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் திருகாணி போட்ட ஒரு கத்தரி. மெல்லத் திறந்தாள், மூடினாள். இடது கட்டைவிரல் ஒரு பாதியின் முதுகோடு ஊர்ந்தது. கண்கள் மூடியிருந்தன. ஓரிடத்தில் விரல் நின்றது. டொக், டொக் என்று இரண்டே தட்டு. மறுபடி திறந்தாள், மூடினாள். இந்தத் தடவை சத்தம் மாறியிருந்தது... மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. யாருக்காகவும் இல்லாத, வேலை சரியாக வந்துவிட்ட சிரிப்பு.

கேமரா அவன் கழுத்திலேயே தொங்கியது. அவன் அதைத் தொடவில்லை. இந்த முகத்தை அட்டையில் போட்டால் என்ன என்றுதான் முதலில் நினைத்தான். அடுத்த நொடி, இந்த முகத்தை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டால் என்ன என்று நினைத்தான். அந்த நினைப்பு அவனுக்கே பயமாக இருந்தது. ஓசைப்படாமல் தெருமுனை வரை திரும்பிப் போய், கால் மணி நேரம் கழித்து, செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினான்.

*

"பக்கமெல்லாம் தயாரா இருக்கு, வந்து பாருங்க," என்று அவன் கூப்பிட்டபோது அவள் வேண்டாமென்று சொல்லத்தான் நினைத்தாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறிக்கொண்டிருந்தபோது, வேண்டாமென்று சொன்னோமா இல்லையா என்பதே அவளுக்கு நினைவில்லை.

ஒரே அறை. துணி உலர்த்துவதுபோல அறைக்குக் குறுக்கே கயிறு கட்டி, பக்கங்களைக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அவன் அக்கா நாற்காலியோடு திரும்பினாள்.

"வாம்மா. நீதானா அது? பத்து நாளா கத்திரி, கத்திரின்னு ஒரே புலம்பல். நானும் கத்திரியைத்தான் சொல்றான்னு நினைச்சேன்."

"அக்கா," என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் என்னத்தைடா சொன்னேன்? பக்கத்தைக் காட்டு."

அவன் காட்டினான்.

அட்டை முழுக்கக் கத்தரி. திறந்த கத்தரி. பளபளக்கும் இரும்பில், சாணை போன தடம் ஒவ்வொன்றும் நீரோட்டம் மாதிரி தெரிந்தது. நாளெல்லாம் கையில் கிடக்கிற பொருள்தான்... இவ்வளவு அழகா இது? தொட்டால் வெட்டிவிடும்போல இருந்தது. சிரிக்க வந்தது, அழவும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு உள்பக்கங்களைப் பார்த்தாள். உலைக்கு முன்னால் நீலச் சட்டையில் அப்பா, ராஜா மாதிரி. ஒவ்வொரு படத்துக்கும் கீழே, அந்த வேலையைச் செய்தது யார் என்று ஒரு வரி. நெருப்பில் அடிப்பவர், அப்பா. சாணை பிடிப்பவர், அப்பா. ஜோடி சேர்ப்பவர்...

அந்த இடம் காலியாக இருந்தது.

"இதுல ஒண்ணும் எழுதலையே?"

"நீங்க சொன்னா எழுதிடலாம்."

"அப்பா."

அவன் கையிலிருந்த பேனா அசையவில்லை.

"எழுதுங்க."

"நான் பாத்தேங்க," என்றான் மெதுவாக. "வியாழக்கிழமை காலையில. சன்னல்கிட்ட உக்காந்து நீங்கதான்..."

"ஒளிஞ்சிருந்து பாத்தீங்களா?"

"கதவு திறந்திருந்துச்சு. பாத்தது தப்புன்னா மன்னிச்சிருங்க. ஆனா பாத்ததைப் பாக்கலைன்னு எழுத முடியலை."

"எங்கப்பாவுக்கு அந்த ரெண்டு விரலும் மரத்துப்போய் ஆறு வருஷமாச்சு. சுத்தியல் பிடிக்க முடியும், இரும்பு உரசறதை உணர முடியாது. பெரியவர் கை பட்ட கத்திரின்னு கேட்டு வாங்கிட்டுப் போறாங்க. அந்த மனுஷனுக்கு மிச்சம் இருக்கிறது அந்த மரியாதை ஒண்ணுதான். அதைப் பிடுங்கித்தான் உங்க பத்திரிகையை நடத்தணுமா?"

"பிடுங்கறதுக்கில்லைங்க. யார் செஞ்சாங்கன்னு சொல்றதுக்குன்னே ஒரு பத்திரிகை. முதல் இதழ்லயே அதைத் தப்பாச் சொன்னா, அப்புறம் எதுக்கு இது?"

"உங்களுக்குப் பத்திரிகை. எனக்கு அப்பா."

அவன் கயிற்றுப் பக்கம் போய், கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தான். நீலச் சட்டை, உலை, சாணை... கடைசியாக அட்டை.

"அப்ப போடலைங்க. பொய்யையும் போடலை, நீங்க வேண்டாங்கிற உண்மையையும் போடலை. இந்த ரூமை விட்டு அது வெளிய போகாது."

"டேய், அட்டையுமாடா?" என்றாள் அக்கா. "ரெண்டே நாள்தான்டா இருக்கு."

"தெரியும்க்கா."

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் மாடிப்படி இறங்கும்போது எதையோ மேலேயே வைத்துவிட்டு வந்ததுபோல இருந்தது. பையைத் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. வெளியே தூறிக்கொண்டிருந்தது... நனைந்துகொண்டே நடந்தாள்.

*

மறுநாள் டெய்லர் கடைக்கு இன்னும் இரண்டு கத்தரி கொடுக்க வேண்டியிருந்தது. டெய்லர் துணியில் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார்.

"உன் கூட்டாளி நேத்து சாயங்காலம் வந்திருந்தாரும்மா. அட்டையில போட வேற யாராவது இருக்காங்களான்னு கேட்டாரு. ஏன், கத்திரி என்னாச்சுன்னேன். அவங்களுக்கு இஷ்டமில்லைன்னாரு. அதுக்கு மேல வாயே திறக்கலை. மூஞ்சி செத்துப்போயிருந்துச்சு."

அவள் மேசையிலிருந்த நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தாள். வாயே திறக்கவில்லை. கோபத்தில்கூடச் சொல்லவில்லை...

"ஏம்மா வேணாம்னே?" என்றார் டெய்லர். "ஜோடி சேர்க்கிறது நீன்னு வெளிய தெரிஞ்சிரும்னா?"

நூல்கண்டு கையிலிருந்து உருண்டு தரையில் ஓடியது.

"மாமா..."

"முப்பது வருஷமா கத்திரி பிடிக்கிறேன். கை மாறினா தெரியாதா? முதல்ல கொஞ்ச நாள் இறுக்கமா வந்துச்சு. ஓஹோ, பொண்ணு கத்துக்கறான்னு நினைச்சேன். ரெண்டாம் வருஷம் சரியா வந்துச்சு. மூணாம் வருஷத்திலேருந்து... உங்கப்பாகிட்ட சொல்லிடாதே, அவர் கையை விட நல்லா இருக்கு. இந்தத் தெருவுல நாலு கடைக்கும் தெரியும். பெரியவர் மனசு நோகக்கூடாதுன்னு நாங்களும் பேசறதில்லை. நீங்க ரெண்டு பேரும் முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறீங்க, நாங்க நாலு பேரும் கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடறோம்."

அவள் சிரிக்கவும் முடியாமல், நிற்கவும் முடியாமல், வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அப்பா உலைக்கு முன்னால் இருந்தார். இன்று சட்டை இல்லை.

"அப்பா, டெய்லர் மாமாவுக்குத் தெரியும்பா."

"எது?"

"ஜோடி சேர்க்கிறது யாருன்னு. ஆரம்பத்திலேருந்தே தெரியுமாம். மத்த கடைக்காரங்களுக்கும்."

அப்பா சுத்தியலைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த டெய்லர் திருடன் போன மாசம்கூட, உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்னானே," என்றார். சிரிப்பு வந்தது அவருக்கு. பாதியிலேயே நின்றுவிட்டது. "உனக்காகத்தான்மா நான் சும்மா இருந்தேன். பொண்ணு செஞ்சதுன்னா வாங்க யோசிப்பாங்களோன்னு..."

"நான் உங்களுக்காகத்தான்பா சும்மா இருந்தேன்."

"அப்ப யாருக்காகத்தான் இத்தனை வருஷம் இந்தப் பொய்யைக் கட்டிக்கிட்டு அழுதோம்?"

பத்திரிகை விஷயத்தை, கயிற்றிலிருந்து எடுத்த பக்கங்களை, எல்லாவற்றையும் சொன்னாள். குரல் ஓரிடத்தில் தடுக்கியது. அப்பா கவனித்தார்.

"கஷ்டமா இல்லையாப்பா?" என்றாள்.

"இருக்கு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். என் விரல் இப்படிப் போச்சேன்னு தினமும்தான் இருக்கு." அவர் அவள் இடது கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தார், காய்ப்பேறிய இடத்தைத் தடவினார். அந்தத் தொடுதல் அவருக்குத் தெரிந்ததோ என்னவோ. "கஷ்டம் என்னோடது, வேலை உன்னோடது. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே. போய்ச் சொல்லு. ஆனா நெருப்புல அடிக்கிறது நான்தான்னு மேல, பெரிய எழுத்துல வரணும். அந்த நீலச் சட்டைப் படம் கண்டிப்பா வேணும்."

"சரிப்பா."

"அப்புறம் அந்தத் தம்பி..." என்று இழுத்தார். "எதையாவது மறந்துட்டேன்னு திரும்ப வந்தா, இந்தத் தடவை என்னத்தை மறந்தாருன்னு நீயே கேட்டுச் சொல்லு."

*

மறுநாள் காலை அவள் படியேறியபோது அறையில் அமளியாக இருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு அச்சகத்துக்குப் போக வேண்டும். கயிற்றில் அட்டை இருந்த இடத்தில் ஒரு மண் ஜாடியின் படம் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல ஜாடிதான். ஆனா அட்டைக்கு ஆகாது. எனக்குப் பிடிக்கவே இல்லை," என்றாள் பொதுவாக.

அவன் வாசலைப் பார்த்தான். இரண்டு நாள் தூங்காத கண். அவளைக் கண்டதும் எழுந்தான், எழுந்த வேகத்தில் மேசையிலிருந்த தாளெல்லாம் சரிந்தது. எதையும் குனிந்து எடுக்கவில்லை.

"ஜோடி சேர்க்கிறது நான்தான்," என்றாள் அவள். மூச்சு வாங்கியது. "ஆறு வருஷமா நான்தான். எழுதிக்கோங்க."

"ஐயா..."

"அவர்தான் அனுப்பினார். அவருக்குப் பெரிய எழுத்து வேணுமாம்."

அக்கா ஏற்கனவே ஜாடியைக் கழற்றிவிட்டிருந்தாள். "பெரிய எழுத்தென்ன, கலர் எழுத்தே போடறேன். டேய், ஜோடி சேர்க்கிற பக்கத்துக்கு விஷயம் வேணும். ஒரு மணி நேரம் இருக்கு. உக்காந்து கேளு."

அவன் எதிரில் உட்கார்ந்து போனில் பதிவை ஓடவிட்டான். அவள் பேசினாள். முதலில் சொல் சொல்லாக, பிறகு அருவி மாதிரி. யாரிடமும் சொல்லாத விஷயமெல்லாம் வந்தது. ஒரு மாதிரியே அடித்த இரண்டு பாதிகூட ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் போவது... கண்ணை மூடினால்தான் விரலுக்கு இரும்பு பேசுவது... முதல் வருடம் கெடுத்த கத்தரிகளைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தது... அவன் இடையில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. பின்னால் அக்காவின் விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன.

"இன்னும் மூணு வரிக்கு இடம் இருக்கு," என்றாள் அக்கா திரும்பாமல்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ரெண்டு பாதியும் சரியா சேர்ந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"முதல்ல சேர்க்கும்போது தெரியாது. உரசும், முட்டும், நின்னுடும். ரெண்டுமே நேரா இருந்தா வெட்டவே வெட்டாது. ஒண்ணை ஒண்ணு பாத்துக் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கணும். முழுசா ஒட்டிக்கவும் கூடாது, விட்டுப் போகவும் கூடாது. எந்த நேரமும் ஒரே ஒரு புள்ளியில தொட்டுக்கிட்டே இருக்கணும்." அவள் நிறுத்தினாள். அவன் கண்களைப் பார்த்துவிட்டு, உடனே போனைப் பார்த்தாள். "மூணு வரி ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு," என்றாள் அக்கா. கம்ப்யூட்டர் திரை பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள்.

"அப்ப போனை நிறுத்துங்க."

அவன் நிறுத்தினான்.

சன்னலுக்கு வெளியே மழை கொட்ட ஆரம்பித்திருந்தது. அவள் எழுந்து நின்றாள். கையில் கரி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. முகம் எப்படி இருக்கிறதோ என்று நினைக்கவில்லை.

"நான் செஞ்சதை நான்தான் செஞ்சேன்னு சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆச்சு," என்றாள். "இதையும் அப்படி வெச்சுக்கிட்டிருக்க மாட்டேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு இல்லைன்னா பரவாயில்லை, நான் சொல்லிட்டேன்."

பின்னால் தட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது.

பக்கம் பக்கமாக எழுதுகிறவன், வாயைத் திறந்தான், மூடினான். சரிந்து கிடந்த தாள்களுக்குள் தேடி ஒன்றை எடுத்தான். கசங்கியிருந்தது. மேலிருந்து கீழ் வரை அடித்தல், திருத்தல், மறுபடி அடித்தல்.

"ரெண்டு நாளா நானும் எழுதிக்கிட்டிருந்தேன்," என்றான். "உங்களுக்குக் குடுக்கணும்னு. ரொம்ப நீளமா இருந்துச்சு. படிச்சுப் படிச்சு, வேண்டாததையெல்லாம் அடிச்சேன். ஒரே ஒரு வரிதான் மிஞ்சுச்சு."

"என்ன வரி?"

தாளைக் கொடுக்கப் போனவன், கொடுக்காமல் கீழே வைத்தான். அவளை நேராகப் பார்த்துத் தன் வாயாலேயே சொன்னான்.

"நீங்க இல்லாம எனக்கு ஒரு நாள்கூட நல்லா விடியலை."

அவள் கண்களில் தண்ணீர் திரண்டது. சிரிப்பும் வந்தது... இந்தத் தடவை அவள் எதையும் அடக்கவில்லை.

"அந்த வரியை அடிச்சிடாதீங்க," என்றாள்.